ஆயிரத்து எண்ணூறு அடி

ஹார்வி, வடக்கு டகோட்டா
8 செப்டம்பர் 2014

லவோன்,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போன மார்ச்சில் நீ என் மனைவியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு யூமாவுக்குப் போன நாளிலிருந்து உன் நலத்தைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. போனில் பேசினால் எனக்குக் காது கேட்காது. கேட்டாலும் நீ பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே கடிதம்.

இந்தக் குளிர்காலத்துக்கு யூமா வருகிறேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள என் வீட்டு வண்டியில், தனியாக. ஆர்டிஸை நீ சேர்த்துவிட்டிருக்கும் முதியோர் இல்லத்துக்கு நான் தினமும் நடந்து போக வேண்டும். அதற்குத் தோதாக, வண்டியை நிறுத்தித் தங்க ஒரு முகாம் தேடுகிறேன். கார் கொண்டுவரப் போவதில்லை.

மற்றவர்கள் முகாம் தேடும்போது நீச்சல்குளம் உண்டா, சீட்டாட்டம் உண்டா, சனிக்கிழமை நடனம் உண்டா என்று பார்ப்பார்கள். பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்து வருகிறவர்களுக்கு அது சரி. என் கதை வேறு. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி மூன்றையும் மாட்டிவிட்டால் வண்டி வீடாகிவிடும். அப்புறம் ஒரு பால் டப்பா வாங்குவதென்றாலும் வீட்டையே பிடுங்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அதனால் நான் பார்ப்பது காலால் நடக்கும் தூரம் ஒன்றைத்தான்.

இல்லத்துக்கு நேர் எதிரே ஒரு முகாம் இருக்கிறது. எழுதிக் கேட்டேன். வண்டியின் புகைப்படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சேர்ப்பதில்லை என்று படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் வண்டிக்கு இருபத்தாறு வயது. எனக்கு எண்பத்தொன்று. ஐம்பத்தைந்துக்குக் குறைந்த மனிதனையும் சேர்ப்பதில்லையாம். மனிதன் பழசாக இருக்க வேண்டும், வண்டி புதுசாக இருக்க வேண்டும். இதை விதி என்று அச்சடித்து வேறு வைத்திருக்கிறார்கள்.

இல்லத்துக்குப் பின்புறம் பேரீச்சந்தோப்பு என்று இன்னொரு முகாம் வரைபடத்தில் தெரிகிறது. வண்டியின் வயதை அவர்கள் கேட்கவில்லை. நீ போய்ப் பார்த்து, கிட்டத்தில் இருக்கிறதா என்று எழுது. இதை உபகாரமாகக் கேட்கவில்லை. நீ எனக்குச் செய்ததற்கு இது கால்வாசிக்கும் காணாது.

டெல்மர் ஹௌகன்


யூமா, அரிசோனா
19 செப்டம்பர் 2014

அன்புள்ள டெல்மர்,

ஆறு மாதம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். உறையைப் பிரிக்காமலே ஒரு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். திட்டாமல் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் அக்காவைப் பற்றி. எடை தொண்ணூற்றெட்டு பவுண்டுக்கு இறங்கிவிட்டது. காலையில் கொஞ்சம் காப்பி, அதில் நனைத்த ரொட்டி. மத்தியானம் வாயைத் திறப்பதே இல்லை. சொகோரோ என்று ஒரு பணிப்பெண் இருக்கிறாள், தங்கமான பெண், அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுகிறாள். நான் போனால் அக்கா என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். எழுபத்திரண்டு வயதில் சொந்த அக்காவுக்கு நான் அம்மா ஆகிவிட்டேன்.

நீங்கள் சொன்ன முகாமைப் பார்த்தேன். அக்காவின் அறை ஜன்னலில் நின்றால் அந்தப் பேரீச்ச மரங்களும் வண்டிகளின் கூரைகளும் எதிரிலேயே தெரிகின்றன. கல் எறிந்தால் விழும் தூரம்.

ஆனால் டெல்மர், எதற்கு முகாம்? என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. விமானத்தில் வாருங்கள். இந்த வயதில் ஆயிரத்து எண்ணூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வருவது என்ன வீம்பு? இல்லையென்றால் இங்கே ஒரு பழைய காராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவை நான் பறித்துக்கொண்டு வந்ததுபோல எழுதுகிறீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில், இரவு உடையோடு அவள் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்து கிடந்தாள். பனி வாரும் வண்டிக்காரன் பார்த்திருக்காவிட்டால் பனியில் கருகிய இரண்டு கால்விரல்களோடு போயிருக்காது. நீங்கள் பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமாம் என்று சொல்லியிருந்தீர்களானால் நான் போனை வைத்திருக்கமாட்டேன்.

லவோன்


ஹார்வி
2 அக்டோபர் 2014

லவோன்,

பேரீச்சந்தோப்பில் நவம்பர் முதல் மார்ச் முடிய இடம் பிடித்துவிட்டேன். எண் 41. முழுப் பருவத்துக்கும் கட்டியாகிவிட்டது, திரும்பத் தரமாட்டார்கள்.

உன் பேச்சை மட்டும் நம்பிச் செய்யவில்லை. யூமா மாவட்ட வரைபடத்தை வரவழைத்து அளவுகோல் வைத்து அளந்தேன். எண் 41-லிருந்து இல்லத்தின் பின்சுவருக்கு ஆயிரத்து எண்ணூறு அடி. என் நடையில் பத்து நிமிடம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன்தான், ஆனால் தானியக் கிடங்கில் நாற்பது வருடம் வரைபடம் பார்த்துத்தான் வேலை செய்தேன். படிக்க யாரும் சொல்லித்தரவில்லை, நானே கற்றுக்கொண்டது. இதுவரை ஒரு தடவையும் தப்பு அளந்ததில்லை.

உன் அறை எனக்கு வேண்டாம். ஆர்டிஸை அங்கே அடைத்துவைக்கக் கையெழுத்துப் போட்டவளின் கூரைக்குக் கீழே நான் தூங்கமாட்டேன்.

கார் ஏன் இல்லை என்று கேட்டாய். பள்ளத்தில் விழுந்த காரை நிமிர்த்திச் சரிசெய்துவிட்டேன், ஓடுகிறது. அதைக் கட்டி இழுத்துவர இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குள் ஸ்டீரிங்கைப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும், ஒருவர் கீழே குனிந்து கொக்கியை மாட்ட வேண்டும். பத்தொன்பது குளிர்காலம் ஆர்டிஸ்தான் ஸ்டீரிங்கில் இருந்தாள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்தும்மா" என்பேன், நிறுத்துவாள். வேறு யாரையும் கூப்பிட்டு அங்கே உட்கார வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் நான்தான் ஊட்டினேன், உனக்குத் தெரியாது. கரண்டியைக் கீழுதட்டில் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் திறக்கமாட்டாள். பன்னிரண்டு மணிக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தின்பாள். தொண்ணூற்றெட்டை நூற்றுப்பத்து ஆக்கிக் காட்டுகிறேன். அதற்கப்புறம் வசந்தத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போவதைப் பற்றிப் பேசுவோம்.

சாவி மாவு டப்பாவுக்குள் இருந்தது. ஆணியில் இல்லை.

டெல்மர்


பேரீச்சந்தோப்பு, எண் 41, யூமா
6 நவம்பர் 2014

லவோன்,

கல் எறிந்தால் விழும் தூரம் என்று எழுதினாயே. விழும். நடுவில் ஓடும் கால்வாயைத் தாண்டி விழும்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் வந்து சேர்ந்தேன். மறுநாள் பதினொன்றரைக்கு முகம் வழித்து, நல்ல சட்டை போட்டு, தோப்பின் பின்பக்கமாக நடந்தேன். ஒரு மேடு. ஏறிப் பார்த்தால் கீழே நாற்பது அடி அகலத்துக்குத் தண்ணீர். இரண்டு பக்கமும் வழுக்கும் சிமெண்டுச் சரிவு, கம்பிவேலி. அந்தப் பக்கம் இல்லத்தின் சுவர். ஜன்னல் திரைகள்கூடத் தெரிகின்றன. எந்த ஜன்னல் அவளுடையது என்று தெரியவில்லை.

முகாம் மேலாளரிடம் போனேன். வேட் என்று பெயர், காலில் செருப்போடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

"பாலம் எங்கப்பா?"

"ரெண்டு மைல் மேக்கால இருக்கு, தாத்தா. போய்ச் சுத்தி வந்தா நாலரை மைல். காரை எடுத்தீங்கன்னா எட்டு நிமிஷம்."

"கார் இல்ல."

"கார் இல்லாம எதுக்கு இந்த முகாமுக்கு வந்தீங்க?"

"வரைபடத்துல வழி இருந்துது."

"வரைபடத்துல நீலக்கோடு ஒண்ணு இருந்திருக்குமே."

இருந்தது. பார்த்தேன். எங்கள் ஊரில் நிலத்தை மைலுக்கு மைல் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டின்மேலும் எவனும் நடக்கலாம், அது சட்டம். ஓடை குறுக்கிட்டால் பலகையோ குழாய்ப்பாலமோ எதாவது கிடக்கும். எண்பது வருடம் அப்படி நடந்தவனுக்கு நீலக்கோடு ஒரு தடையாகத் தோன்றவில்லை. ஆனால் நீ ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறாய். உனக்குக் கால்வாய் தெரியாதா? தெரிந்தே எழுதினாயா?

நேற்று குழாய்களையும் மின்கம்பியையும் கழற்றி வண்டியையே எடுத்துக்கொண்டு போனேன். இல்லத்தின் வாசல் முகப்பில் ஒரு கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதடி உயரம் என்று எழுதியிருந்ததாம். என் வண்டி பதினோரடி. மீதியை நீ ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பாய். ஆர்டிஸைப் பார்க்க விடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டெல்மர்


யூமா
10 நவம்பர் 2014

டெல்மர்,

கேள்விப்பட்டேன். இல்லத்து நிர்வாகி எனக்குத்தான் போன் செய்தாள். முகப்புக் கூரை மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, அது போதும். அந்த வண்டி இனிமேல் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நீங்கள் வரலாம், வண்டி வரக்கூடாது.

கால்வாயைப் பற்றி: ஜன்னலில் நின்றால் சுவர் மறைக்கிறது. மரங்கள்தான் தெரிந்தன. நான் எங்கே போனாலும் காரில் போகிறவள். இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் கால்வாய்தான், சுற்றிப்போவது பழகிவிட்டது. எது எங்கே ஓடுகிறது என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை. நீங்கள் நடப்பீர்கள் என்று எழுதியிருந்தும் நான் காரில் இருப்பவளாகவே பார்த்தேன். தப்புதான். என்னால் ஆமாம் என்று சொல்ல முடிகிறது, பார்த்தீர்களா?

தினமும் பதினொன்றே காலுக்கு வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அவளிடம் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லக்கூடாது. இங்கே வந்த முதல் மாதம் நான் அப்படித்தான் ஆறுதல் சொன்னேன். சொன்னால் போதும், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு, தூக்கம் எதுவும் கிடையாது. நீங்கள் கூட்டிப்போகப் போவதில்லை, டெல்மர். உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்.

லவோன்


பேரீச்சந்தோப்பு
15 நவம்பர் 2014

லவோன்,

உன் கார் வேண்டாம். உன் நிபந்தனையும் வேண்டாம். ஐம்பத்தாறு வருடமாக நான் ஆர்டிஸிடம் பொய் சொன்னதில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவள் தங்கையிடம் கேட்டுக்கொள்ளும் நிலைக்கு நான் வரவில்லை.

நேற்று நடந்தே போனேன். எட்டரைக்குக் கிளம்பினேன். இரண்டு பக்கமும் லெட்டூஸ் கீரை வயல். நிழல் என்று ஒன்றும் கிடையாது. பாலத்தில் ஒரு தடவை உட்கார்ந்தேன். பதினொன்று ஐம்பதுக்கு அவள் மேஜையில் இருந்தேன்.

என்னைப் பார்த்தாள். நீ நம்பமாட்டாய், தெரிந்துகொண்டாள்.

"எவ்வளவு நேரம்பா காத்துக்கிட்டிருக்கறது?" என்றாள்.

"வழி கொஞ்சம் சுத்து."

"தொப்பி எங்க? மண்டை சிவந்திருக்கு பாரு."

"மறந்துட்டேன்."

"எதைத்தான் மறக்காம இருந்த நீ!"

யார் யாரைச் சொல்கிறார்கள் பார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் சொகோரோவும் சிரித்தாள். மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, கோழி. கரண்டியைக் கீழுதட்டில் தொட்டேன். காத்திருந்தேன். திறந்தாள். ஒன்பது கரண்டி. எண்ணினேன். ஒன்பது.

அப்புறம் அவளே கேட்டாள், "வீட்டுக்குப் போலாமா?" என்று. "போலாம், ஆர்டிஸ்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? மாட்டேன் என்பதா?

திரும்பும்போது சொகோரோ தன் காரில் கொண்டுவந்து விட்டாள். வேண்டாம் என்றேன். "ஐயா, நீங்க ரோட்டுல விழுந்தா அந்த விபத்து ஃபாரத்தையும் நாந்தான் நிரப்பணும், ஏறுங்க" என்றாள். அதற்காக ஏறினேன்.

ஒன்பது கரண்டி. உன் நிபந்தனைக்கு இதுதான் பதில்.

டெல்மர்


யூமா
5 டிசம்பர் 2014

அன்புள்ள டெல்மர்,

மூன்று வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் வரும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள், அது தெரிந்தும் முடியவில்லை. உங்களிடமிருந்து ஆறு மைலில் இருக்கிறேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் வந்துபோன அன்று சாயங்காலமே அவள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் வாசல் பெஞ்சில். ராத்திரி படுக்க வைத்தால் எழுந்து வந்துவிடுகிறாள். தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. அப்போது நீங்கள் சொன்ன வார்த்தையால்தான் என்று உங்கள்மேல் எனக்குக் கொதித்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் இருபதாம் தேதி நான் முகாமுக்கு வந்து ஹார்ன் அடித்தபோது நீங்கள் பேசாமல் வந்து காரில் ஏறினீர்கள். நிபந்தனை என்று நான் ஆரம்பித்ததும் "தெரியும், ஓட்டு" என்றீர்கள். நடந்ததைச் சொகோரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களை அப்படி நான் பார்த்ததில்லை. உள்ளேயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியும். அவள் உங்களைப் பார்த்தாள். கரண்டியைத் தள்ளினாள். எழுந்து அலமாரிக்குப் போய்க் கோட்டை எடுத்தாள். வார்த்தையில் ஒன்றுமில்லை, டெல்மர். உங்கள் முகம்தான். உங்களைப் பார்த்தால் அவளுக்குப் புறப்பட வேண்டும்.

திரும்பும்போது, அவள் சாப்பிட ஆரம்பித்ததும் எழுது, அதுவரை வரமாட்டேன் என்றீர்கள். அதற்கப்புறம் நான்கு நாள் வாசலில் இருந்தாள். தொண்ணூற்றொரு பவுண்டு. டாக்டர் என்னை அழைத்து, குழாய் வைத்து உணவு ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யச் சொன்னார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சொகோரோ அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாளாம்: "ஐயா வண்டி எடுக்கப் போயிருக்காரும்மா. வர்றதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிட்டுடுங்க, வழியில ஒண்ணும் கிடைக்காது."

அக்கா தலையை ஆட்டினாளாம். "அவர் எப்பவும் தூரமாத்தான் நிறுத்துவார்" என்றாளாம். சாப்பிட்டாள். தட்டு முழுவதும். கோட்டோடு.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பன்னிரண்டு மணிக்கு அதே பெஞ்ச், அதே பேச்சு. பன்னிரண்டு நாளில் நாலு பவுண்டு ஏறியிருக்கிறாள். என்னைக்கூட நேற்று லவோன் என்று கூப்பிட்டாள். பதற்றம் இல்லை. நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள், அதனால் அவளுக்கு நிம்மதி.

நீங்கள் வந்துவிட்டால் அது முடிந்துவிடும்.

உங்களை வராதீர்கள் என்று நிர்வாகி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வாருங்கள். இல்லை, ஊருக்குத் திரும்பிப் போவதென்றால் பாதை பனி மூடுவதற்குள் கிளம்புங்கள். இங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?

லவோன்


பேரீச்சந்தோப்பு, எண் 41
17 டிசம்பர் 2014

லவோன்,

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. நீ மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய், நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

வரமாட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. குழாய் வைக்கக்கூடாது என்பதற்காக.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வருவதாக இல்லை. ஊருக்கும் போகவில்லை. மார்ச் முடியும் வரை இந்த இடம் என்னுடையது, இருக்கப்போகிறேன். அதற்கப்புறம் எங்கே என்று தெரியவில்லை. ஹார்வியில் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வீடு இருக்கிறது.

இங்கே ஜனங்கள் நல்லவர்கள்தான். அதுதான் தொல்லை. கூடத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள். கனடாவில் சஸ்காட்செவானிலிருந்து வந்த ஒரு கிழவி தினமும் கதவைத் தட்டுகிறாள். "கார் இல்லேன்னா என்னங்க, எங்கேயாவது போகணும்னா சொல்லுங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்கிறாள். போவதற்கு இடமில்லை என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறேன்.

சொகோரோவைப் பற்றி நிறைய யோசித்தேன். அவள் சொல்வது பொய். என் பெயரில் தினமும் என் மனைவியிடம் ஒருத்தி பொய் சொல்கிறாள். அதைச் சாப்பிட்டுத்தான் ஆர்டிஸ் உயிரோடு இருக்கிறாள். முதல் இரண்டு நாள் எனக்கு அது தாங்கவில்லை.

இப்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழாய்களையும் மின்கம்பியையும் கழற்றிவிடுகிறேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைப் போடுகிறேன். பன்னிரண்டரை வரை ஓடவிடுகிறேன். அப்புறம் அணைத்துவிட்டுத் திரும்ப மாட்டுகிறேன்.

நேற்று வேட் வந்துவிட்டான். ஜன்னலைத் தட்டினான்.

"தாத்தா, எஞ்சினை இப்படிப் போட்டு வைக்கக்கூடாது. விதி இருக்கு. பக்கத்துல எல்லாரும் புகைன்னு புகார் சொல்றாங்க."

"சொல்லட்டும்."

"எங்கதான் போறீங்க?"

"எங்கேயும் இல்ல. வண்டி எடுக்கறேன்."

அவன் போய்விட்டான். வெளியேற்றினாலும் வெளியேற்றுவான், அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன். நான் நிறுத்தப்போவதில்லை. அந்தப் பெண் பன்னிரண்டு மணிக்கு அவளிடம் அதைச் சொல்லும்போது, நான் இங்கே காலை மிதியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அந்த அரைமணி நேரத்துக்கு அது பொய் இல்லை.

எடையை வெள்ளிக்கிழமைதோறும் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

டெல்மர்